பல்நோக்கு அரங்கம் யாருடைய நோக்கத்திற்கு? செங்கல்பட்டு மண்ணிலிருந்து சில கேள்விகள்

பல்கலைக்கழகம் ஒன்று பல்நோக்கு அரங்கம் கட்டப்போகிறது என்னும் அறிவிப்பு வெளிவந்தால், எத்தனை கோடி ரூபாய், எத்தனை இருக்கைகள், அடிக்கல் நாட்டியவர் யார் என்பவற்றோடு செய்தி முடிந்துவிடுகிறது. அரங்கம் எழும் நிலம் முன்பு யாருடையது, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, அதன் களத்தில் எந்தெந்த விளையாட்டுக்கு இடமுண்டு, மாலை ஆறு மணிக்கு அதன் சாவி யாரிடம் இருக்கும் என்னும் கேள்விகள் பெரும்பாலும் திறப்பு விழாவிற்குப் பின்னரே எழுகின்றன. கான்கிரீட் இறுகிய பிறகு கேட்கப்படும் கேள்விக்கு விடை கிடைத்தாலும் பயன் கிடைப்பதில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இக்கேள்விகளை முன்கூட்டியே கேட்க வேண்டிய தேவை கூடுதலாக உள்ளது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005 முதல் இயங்கிவருகிறது. காட்டாங்கொளத்தூர் தொடங்கிக் கேளம்பாக்கம் வரை தனியார் பல்கலைக்கழகங்கள் நிறைந்துள்ளன. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 2022 இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. மாமல்லபுரம் கடற்கரையில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. கல்விக்கும் விளையாட்டுக்குமான பெருங்கட்டடங்கள் இப்பகுதியில் இனியும் எழும். பஞ்சமி நிலம் என்னும் உரிமை பிறந்த மாவட்டமும் இதுவே.

ஓர் அரங்கம் யாருக்கு உரியதாக அமையும் என்பது ஐந்து ஆவணங்களில் முடிவாகிவிடுகிறது. நிலப் பதிவேடு, நிதி ஒதுக்கீட்டு ஆணை, இடத்தேவைப் பட்டியல், கட்டட வரைபடம், பயன்பாட்டு விதிமுறை ஆகியவையே அவை. அவற்றை எவ்வாறு வாசிப்பது, எந்தக் கட்டத்தில் தலையிடுவது என்பதை விளக்க இக்கட்டுரையில் முனைகிறோம். எந்த ஒரு தனிப்பட்ட கட்டடத்தின் மீதும் இங்கு நாம் குற்றம் சாட்டவில்லை. திட்டமிடல் என்பது பொறியாளர்களுக்கு மட்டுமே புரியும் துறை என்று ஒதுங்கி நிற்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஒரு மலைச்சரிவும் இரண்டு வாசல்களும்

பல்கலைக்கழக அரங்கம் ஒன்றின் வரைபடமே பெரும் போராட்டத்திற்குக் காரணமான நிகழ்வு வரலாற்றில் உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில்தான் அது நடந்தது.

கொலம்பியா ஒரு மேட்டின் மீது அமைந்துள்ளது. மேட்டின் கீழே கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதி. இரண்டுக்கும் இடையே, செங்குத்தான பாறைச்சரிவில் மார்னிங்சைடு பூங்கா என்னும் பொதுப் பூங்கா உள்ளது. 1960-களின் தொடக்கத்தில் அப்பூங்காவின் ஒரு பகுதியை மாநகரிடமிருந்து மிகக் குறைந்த குத்தகைக்குப் பெற்று, அங்கு உடற்பயிற்சி அரங்கம் கட்டப் பல்கலைக்கழகம் திட்டமிட்டது. பொதுநிலத்தைப் பெற்றதற்கு ஈடாக, கட்டடத்தில் ஒரு சிறு பகுதியை ஹார்லெம் மக்களின் பயன்பாட்டிற்கு ஒதுக்குவதாக உறுதியளித்தது.

வரைபடத்தில் அந்த உறுதிமொழி எடுத்த வடிவம் கவனிக்கத்தக்கது. மாணவர்களும் பேராசிரியர்களும் மேட்டின் உச்சியில் இருந்த வாசல் வழியாக நுழைவர். ஹார்லெம் மக்கள் சரிவின் அடியில் இருந்த வேறொரு வாசல் வழியாக நுழைவர். இரு வாசல்களும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு தளங்களுக்கு இட்டுச் செல்லும். நிலத்தின் சரிவுக்கேற்ப அமைந்த வடிவமே இது என்று கட்டட வல்லுநர்கள் கூறியிருக்கலாம். ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரைப் பிரித்து வைத்த 'ஜிம் குரோ' சட்டங்களின் கீழ் தலைமுறைகளாக வாழ்ந்த மக்களுக்கு அந்தப் பின்வாசலின் பொருள் உடனே புரிந்தது. அரங்கத்திற்கு 'ஜிம் குரோ' என்றே பெயரிட்டனர். உடற்பயிற்சிக் கூடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'ஜிம்' என்பதால் அப்பெயர் இருபொருளில் பொருந்தியது.

1968 பிப்ரவரியில் பாறையைத் தகர்க்கும் பணி தொடங்கியது. ஏப்ரல் 23 அன்று மாணவர்கள் கட்டுமான இடத்திற்குச் சென்று வேலியைப் பிடுங்கினர். பின்னர் வளாகத்தின் கட்டடங்களைக் கைப்பற்றினர். வியட்நாம் போர் ஆய்வுகளோடு பல்கலைக்கழகம் கொண்டிருந்த தொடர்பும் போராட்டத்திற்கு மற்றொரு காரணம். ஒரு வாரத்திற்குப் பின் காவல்துறை நுழைந்து ஏறத்தாழ 700 பேரைக் கைது செய்தது. ஆயினும் பூங்காவில் அரங்கம் எழவே இல்லை. திட்டம் கைவிடப்பட்டது, பல்கலைக்கழகம் தன் சொந்த வளாகத்தின் நிலத்தடியில் அரங்கத்தைக் கட்டிக்கொண்டது. தோண்டிய பள்ளம் பிற்காலத்தில் பூங்காவின் குளமாக மாறிற்று.

ஊருக்கு ஒரு வாசல், சேரிக்கு ஒரு வாசல் என்னும் ஏற்பாட்டை விளக்குவதற்குத் தமிழ் வாசகருக்கு அமெரிக்க எடுத்துக்காட்டு தேவையில்லை. ஆனாலும் இந்நிகழ்விலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அங்கு பாகுபாடு ஒரு விதியாகவோ அறிவிப்புப் பலகையாகவோ எழுதப்படவில்லை. நிலத் தேர்வு, பங்கீட்டு விகிதம், வாசல் அமையும் இடம் ஆகிய மூன்று தொழில்நுட்ப முடிவுகளுக்குள் அது அடங்கியிருந்தது. வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் அது வெளிப்பட்டது.

நிலம்: பதிவேட்டின் பழைய பக்கம்

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891 இல் அரசுக்கு அளித்த அறிக்கை, இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலையை விரிவாகப் பதிவு செய்தது. மிராசுதாரர்களின் பிடியில் உழவுத்தொழிலாளர்கள் எவ்வாறு கட்டுண்டு கிடந்தனர், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லாத நிலை எவ்வாறு அவர்களை வாய் திறக்க முடியாமல் செய்தது என்பதை அது விளக்கியது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வெளியானது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் நிலம் வழங்கும் முறை உருவானது. முதல் 10 ஆண்டுகளுக்கு அந்நிலத்தை யாருக்கும் விற்க இயலாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. அவற்றை மீட்கும் போராட்டத்தின் மையமாக விளங்கியது மாமல்லபுரம் பகுதியில் உள்ள காரணை. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் இம்மாவட்டத்தில் அவர்கள் நினைவுகூரப்படுகின்றனர்.

இவ்வரலாற்றை அரங்கத் திட்டமிடலோடு இணைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்களிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்திற்குத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் கரையோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே பெருங்கட்டடங்கள் உள்நோக்கி நகர்ந்து, சாலையோரக் கிராமங்களில் இடம் தேடுகின்றன. அங்கு பெரிய பரப்பில் ஒருசேரக் கிடைப்பவை மேய்க்கால், தரிசு, ஏரிப் புறம்போக்கு ஆகிய அரசு நிலங்களும், பல கைகள் மாறிய பட்டா நிலங்களுமே. முதல் வகையில் இருளரும் நிலமற்ற தலித் குடும்பங்களும் பட்டா இன்றிக் குடியிருக்கக்கூடும். இரண்டாம் வகையில் பஞ்சமி நிலம் கலந்திருக்கக்கூடும்.

தனியாரிடமிருந்து நிலத்தைக் கையகப்படுத்தினால் இழப்பீடு, மறுகுடியமர்வு பற்றிய பேச்சாவது எழும். அரசுப் புறம்போக்கை ஒரு துறையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு நில மாற்றம் செய்யும்போது அப்பேச்சே எழுவதில்லை. ஏட்டின்படி அங்கு குடியிருப்போர் 'ஆக்கிரமிப்பாளர்' மட்டுமே. அவர்களின் பெயர் திட்ட அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறாது.

எனவே இன்றைய கணினிச் சிட்டாவை மட்டும் பார்ப்பது போதாது. 1980-களில் நடைபெற்ற யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய 'அ' பதிவேட்டையும், பழைய செட்டில்மெண்டுப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். புல எண்ணுக்கு எதிரே 'டி.சி.' என்றோ 'நிபந்தனை' என்றோ குறிப்பு உள்ளதா என்று தேட வேண்டும். திட்ட அறிக்கையுடன் இப்பழைய பதிவேட்டின் நகலும் இணைக்கப்பட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

பூஞ்சேரியின் அண்மை வரலாறு இதற்கு ஒரு பின்னணி. 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் தான் விரட்டப்பட்டதை நரிக்குறவர் பெண் ஒருவர் வெளிப்படுத்திய காணொளி தமிழகமெங்கும் பரவியது. நவம்பர் 4 அன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களையும் நலத்திட்டச் சான்றுகளையும் வழங்கினார். அடுத்த ஜூலையில் அதே பூஞ்சேரியில், ஒரு நட்சத்திர விடுதி வளாகத்தில், பொதுப் பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் சதுரங்கம் ஆடின. போட்டியைச் சென்னை நடத்தும் என்று உறுதியானது அவ்வாண்டு மார்ச்சில்தான். சில மாதங்களில் புதிய கூடமும் தயாரானது. அரசு விரும்பினால் எவ்வளவு விரைவாகச் செயல்பட முடியும் என்பதை அக்கூடம் காட்டியது. ஒரு வீட்டுமனைப் பட்டாவிற்குக் காணொளி ஒன்று பரவும் வரை காத்திருக்க நேர்ந்ததும் அதே ஊரில்தான்.

பணம்: தில்லி தந்த பாடம்

விளையாட்டரங்கங்களுக்கும் தலித் மக்களின் நிதிக்கும் உள்ள தொடர்பை 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி வெளிச்சமிட்டது. பட்டியலின மக்களின் வளர்ச்சிக்கான சிறப்புக் கூறுத் திட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து ஏறத்தாழ 744 கோடி ரூபாயைத் தில்லி அரசு காமன்வெல்த் பணிகளுக்குத் திருப்பியதை, வீட்டுவசதி மற்றும் நில உரிமைக்கான கூட்டமைப்பு ஒன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகப் பெற்ற ஆவணங்களைக் கொண்டு வெளிப்படுத்தியது. 2010 ஆகஸ்டு 31 அன்று மாநிலங்களவையில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், ஏறத்தாழ 678 கோடி ரூபாய் திருப்பப்பட்டதை ஒப்புக்கொண்டார்.

இத்தகைய திருப்பல் திருட்டைப் போல இரவில் நடப்பதில்லை. அரங்கமும் சாலையும் மேம்பாலமும் எல்லோருக்கும் பயன்படும். எல்லோரிலும் பட்டியலின மக்களும் அடக்கம். ஆகவே செலவில் ஒரு பங்கை அவர்களின் கணக்கில் எழுதலாம் என்னும் வாதத்தின் வழியாக அது பட்டப்பகலில் நடக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 50 கோடி ரூபாய் அரங்கம் ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10 கோடி ரூபாய், துணைத்திட்டக் கணக்கில் காட்டப்படுவதாகக் கொள்வோம். அந்த 10 கோடியில் விடுதியறைகள் கட்டியிருக்கலாம். பயிற்சி உதவித்தொகை தந்திருக்கலாம். அதற்கு மாற்றாக, எப்போதாவது கதவு திறக்கும் ஒரு கூடத்தில் 'உங்களுக்கும் பங்குண்டு' என்னும் சொல் மட்டுமே மாணவருக்குக் கிடைக்கும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20.01 விழுக்காட்டினர் பட்டியலினத்தவர், 1.10 விழுக்காட்டினர் பழங்குடியினர். அவ்விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்கித் திட்டமிடுவதை உறுதிசெய்யும் பொருட்டு, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்திற்கான சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024 பிப்ரவரியில் நிறைவேற்றியது. ஆகவே எந்தவொரு பல்கலைக்கழகக் கட்டுமானத்திலும் நாம் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கணக்குத் தலைப்பின் கீழ் பணம் வருகிறது என்பதே. துணைத்திட்டத்திலிருந்து ஒரு ரூபாய் வந்திருந்தாலும், அது எந்த மாணவருக்கு எந்தப் பயனைத் தந்தது என்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்தைச் சார்ந்தது.

களம்: எந்த விளையாட்டுக்கு எவ்வளவு இடம்

கட்டட வல்லுநர் பென்சிலைத் தொடுவதற்கு முன்பே பல்கலைக்கழகம் அவரிடம் இடத்தேவைப் பட்டியல் ஒன்றை அளிக்கிறது. எந்த விளையாட்டு, எத்தனை பேர், எத்தனை இருக்கை, வேறு என்னென்ன நிகழ்வுகள் என்பதை அப்பட்டியல் சொல்கிறது. அரங்கத்தின் உண்மையான வடிவமைப்பு அதுவே.

உள்ளரங்கு விளையாட்டுகளில் கைப்பந்துக்கு 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களம் வேண்டும். சுற்றிலும் பாதுகாப்பு இடைவெளி விட்டால் ஏறத்தாழ 44-க்கு 24 மீட்டர் தளம் தேவைப்படும். அந்த ஒரு தளத்தில் 28-க்கு 15 மீட்டர் கொண்ட கூடைப்பந்துக் களம் ஒன்றை நீளவாக்கில் அமைக்கலாம்; குறுக்குவாக்கில் இரண்டு வாலிபால் களங்களையோ, நான்கைந்து இறகுப்பந்துக் களங்களையோ அமைக்கலாம். ஆண்கள் கபடிக்குத் தேவையானது 13-க்கு 10 மீட்டர்; பெண்கள் கபடிக்கு 12-க்கு 8 மீட்டர். விரிப்புகளைப் பரப்பினால் மூன்று கபடிக் களங்களுக்கு அங்கே இடம் உண்டு. ஒரே தளம் ஒரே மாலையில் 20 பேருக்கோ 40 பேருக்கோ பயன்படுவது, எந்தக் கோடுகளை வரைகிறோம் என்பதைப் பொறுத்தது.

உயரத்தில்தான் செலவு ஒளிந்திருக்கிறது. வாலிபாலுக்குக் குறைந்தது 7 மீட்டர் தடையற்ற உயரம் போதும். உயர்மட்டப் பன்னாட்டு இறகுப்பந்துக்கு 12 மீட்டர் வேண்டும். கூரை உயர்ந்தால் சுவர், தூண், குளிரூட்டும் கன அளவு ஆகிய அனைத்தும் கூடும். இறகுப்பந்துக்குக் காற்றசைவு ஆகாது என்பதால் மூடிய, குளிரூட்டிய கூடம் கேட்கப்படுகிறது. கபடிக்கும் வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் கடற்காற்று உள்நுழையும் உயர்ந்த சாளரங்களே போதுமானவை. குளிரூட்டிய கூடத்தின் மின்கட்டணத்தை ஈடுகட்டுவதற்காக வாடகை நிர்ணயிக்கப்படும். வாடகை வந்ததும் கிராமத்து அணி வெளியே நிற்கும். நுழைவுக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் முதல் முடிவு கூரையில் எடுக்கப்படுகிறது.

பல்நோக்கு என்னும் சொல்லின் சிக்கலும் இங்கேதான் உள்ளது. பட்டமளிப்பு விழா, தேர்வு, கலைநிகழ்ச்சி, வேலைவாய்ப்பு முகாம், கண்காட்சி ஆகிய அனைத்தும் ஒரே கூடத்தில் நடைபெற வேண்டும் என்று பட்டியல் கோரினால், ஒவ்வொரு நிகழ்வுக்கும் மரத்தளத்தின் மீது பாதுகாப்பு விரிப்பு பரப்ப வேண்டும். மேடை அமைக்க வேண்டும். பின்னர் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். ஒருநாள் நிகழ்வுக்கு மூன்று நாள் பயிற்சி நின்றுபோகும். நிலையான மாடங்களுக்கு மாற்றாக மடக்கி ஒதுக்கும் இருக்கைகளை அமைத்தால் அன்றாடப் பயிற்சிக்குத் தளம் மிஞ்சும். ஆண்டுக்குச் சில நாள் வரும் 5,000 பார்வையாளர்களுக்காகக் கட்டுவதா, ஆண்டு முழுவதும் வரும் 200 வீரர்களுக்காகக் கட்டுவதா என்பதே கேள்வி.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இடம்பெற்றார். சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அத்தகைய நகரங்களிலிருந்தும் சேரிகளிலிருந்தும் மேலே வரும் விளையாட்டு எது என்பதை நாம் அறிவோம். இடத்தேவைப் பட்டியலில் கபடி எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று பார்த்தால், அப்பட்டியலை எழுதியவர் யாரை மனத்தில் வைத்து எழுதினார் என்பதும் புலப்படும்.

வாசலும் கழிவுநீர்த் தொட்டியும்

இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்ககால நட்சத்திரங்களுள் ஒருவரான பல்வாங்கர் பாலு, சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட தலித் வீரர். புனேயில் அவர் களத்தில் சாதி இந்துக்களோடு சேர்ந்து ஆடினார். தேநீர் இடைவேளையில் ஓய்வுமாடத்திற்கு வெளியே தனி மண்குவளையில் அவருக்குத் தேநீர் தரப்பட்டது. களம் பொதுவாக இருந்தும் மாடம் பொதுவாக இல்லை. நூறாண்டுகளுக்குப் பின், 2007 இல் தில்லி எய்ம்சு மருத்துவக் கல்லூரி பற்றி அறிக்கை அளித்த தோரட் குழு, பட்டியலின, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டிலும் ஒதுக்கப்படுவதைப் பதிவு செய்தது. ஆகவே உடைமாற்றும் அறை, குடிநீர், ஓய்வறை, நுழைவாயில் ஆகியவற்றை 'முக்கியப் பிரமுகர்', 'உறுப்பினர்', 'பொதுமக்கள்' என்று பிரிக்கும் வரைபடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். பாதுகாப்புக்குத் தேவையான பிரிவு எது, பெருமைக்கான பிரிவு எது என்று ஒவ்வொன்றிற்கும் காரணம் கேட்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகலும் இத்தகையதே. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழான அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருத்தல் கூடாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் கூறியது. சாய்தளம் பின்புறத்தில் குப்பைத் தொட்டிக்கு அருகே அமைந்தால் அதுவும் ஒரு பின்வாசலே.

வரைபடத்தில் எவரும் பார்க்காத தாள் ஒன்று உண்டு. அது கழிவுநீர்த் தாள். பாதாளச் சாக்கடை எட்டாத இடத்தில் அரங்கம் கட்டினால் கழிவுநீர் வளாகத்திலேயே தேங்கும். அரங்கத்தின் கழிப்பறைகள் பல நாள்கள் காலியாக இருந்து, நிகழ்வு நாளில் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோரைத் தாங்க வேண்டும். சராசரிக் கணக்கை வைத்துத் தொட்டியை வடிவமைத்தால் அந்த ஒரு நாளில் அது நிரம்பி வழியும். அப்போது ஒப்பந்ததாரருக்குத் தொலைபேசி போகும். ஒப்பந்ததாரர் ஒரு தொழிலாளியை அனுப்புவார். அவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருப்பார் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் உயிரிழப்போரின் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. இறப்புக்குப் பிந்தைய இழப்பீட்டைவிட, இறங்கவே தேவையில்லாத தொட்டி மேலானது. அதற்கான வழிகள் எளியவை. உச்சநாள் அளவைக் கொண்டு கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். திடீர் வரத்தைத் தேக்கிச் சீராக விடும் தொட்டி தனியாக வேண்டும். உறிஞ்சு லாரி தொட்டி வரை வருவதற்குப் பாதை வேண்டும். நீர்மூழ்கி மோட்டாரை மேலிருந்தே சங்கிலியால் தூக்கி எடுக்கும்படி வழித்தடக் கம்பிகள் வேண்டும். இந்நான்கும் வரைபடத்தில் இல்லையென்றால், யாரோ ஒருவர் உள்ளே இறங்குவார் என்னும் எதிர்பார்ப்பு அவ்வரைபடத்தில் மறைந்திருக்கிறது என்றே பொருள்.

புயல் இரவில் யாருக்கு இடம்

2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. சென்னைக் கடலோரப் பகுதிக்கு இந்தியத் தர விதிகள் வகுக்கும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். தூணற்ற பெருங்கூரையைக் காற்று கீழே அழுத்துவதைவிட மேலே பிய்த்து எடுக்கவே முனையும். கூரையை அடித்தளத்தோடு பிணைக்கும் நங்கூரங்களே அரங்கத்தைக் காப்பவை. உப்புக்காற்று எஃகை அரிப்பதால் அவற்றைப் பராமரிக்கவும் தொடர்ந்து பணம் வேண்டும்.

இவ்வளவு செலவில் வலுவாக எழும் கூடம் புயல் இரவில் பூட்டிக் கிடப்பதில் பொருளில்லை. குடிசைகளிலும் தாழ்வான சேரிகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழ்வோருக்கு அது புகலிடமாக வேண்டும். 'பல்நோக்கு' என்னும் சொல்லில் இதுவும் ஒரு நோக்கமாக எழுத்தில் இடம்பெற வேண்டும். அவ்வாறு எழுதினால் தரைமட்டம் வெள்ள மட்டத்திற்கு மேல் உயரும். மின்னாக்கி, குடிநீர்த் தொட்டி, கூடுதல் கழிப்பறைகள் ஆகியவை தொடக்கத்திலேயே திட்டத்தில் சேரும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்ட நிவாரணப் பணிகளில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. எனவே, யாருக்கு முதலில் திறக்கப்படும், உள்ளே எவ்வாறு இடம் பகிரப்படும் என்பதும் விதிமுறையில் எழுதப்பட வேண்டும்.

சாவி: பயன்பாட்டு விதிமுறை

மேற்கூறிய அனைத்தும் சரியாக அமைந்தும், நிர்வாகம் சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டால் அரங்கம் மூடியே இருக்கும். திறப்பு விழாவிற்குப் பின் எழுதப்படும் விதிமுறை வசதியானவர்களின் பழக்கத்தைப் பின்தொடரும். ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே, வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர் பயிற்சிக்கு, எத்தனை மணி நேரம் சுற்றுவட்டாரக் கிராம அணிகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும், ஆண்டுக்கு எத்தனை நாள் வாடகை நிகழ்வுகளுக்கு என்பது எண்களாக எழுதப்பட வேண்டும். பெண்களுக்கான நேரம், அதற்குரிய பேருந்து வசதி, வெளிச்சம் ஆகியவையும் அதில் அடங்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களும் காவலாளிகளும் ஒப்பந்தக் கூலிகளாக வருவார்களா, உரிமையுள்ள பணியாளர்களாக வருவார்களா என்பதும் இதே ஆவணத்தின் பகுதியே.

நாம் கேட்க வேண்டியவை

அரசுப் பல்கலைக்கழகங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவை. 30 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். தனியார் பல்கலைக்கழகமாக இருந்தால், அதற்கு அனுமதி வழங்கும் திட்டக்குழுமங்கள், வருவாய்த் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றிடம் ஆவணங்களைக் கோரலாம். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை. அதற்கான விண்ணப்பமும் பொது ஆவணமே. மாணவர் அமைப்புகளும் வட்டாரத் தோழர்களும் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்துத் தருகிறோம்.

1. திட்டப்பகுதியின் புல எண்கள் எவை? யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டில் அவற்றின் வகைப்பாடு என்ன? அங்கு குடியிருப்போர், மேய்ப்போர் யார்?

2. நிதி எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வருகிறது? பட்டியலின, பழங்குடியினர் துணைத்திட்ட நிதி அதில் உள்ளதா?

3. இடத்தேவைப் பட்டியலைத் தயாரித்த குழுவில் யார் யார் இருந்தனர்? தலித், பழங்குடி மாணவர்களின் கருத்து எழுத்துவடிவில் பெறப்பட்டதா?

4. ஒவ்வொரு நுழைவாயிலும் யாருக்கானது? கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்கத் தேவையில்லாத வடிவமைப்பு உள்ளதா?

5. ஆண்டுப் பராமரிப்புச் செலவு எவ்வளவு என மதிப்பிடப்பட்டுள்ளது? அதனை ஈடுகட்டும் வழி என்ன?

6. பயன்பாட்டு விதிமுறை எப்போது வெளியிடப்படும்? கிராம அணிகளுக்கான நேரம் அதில் உறுதி செய்யப்பட்டுள்ளதா?

இக்கேள்விகளை விளையாட்டுக்கும் கல்விக்கும் எதிரானவையாகச் சித்திரிக்கச் சிலர் முயல்வர். நமக்கு அரங்கங்கள் வேண்டும். நம் பிள்ளைகள் நல்ல தளத்தில், நல்ல வெளிச்சத்தில், நல்ல பயிற்சியாளரிடம் ஆட வேண்டும். அதனால்தான் வரைபடம் தாளில் இருக்கும்போதே கேட்கிறோம். ஒரு வாசலைத் தாளில் நகர்த்துவதற்கு ரப்பர் போதும். கட்டி முடித்த பின் அதே வாசலை நகர்த்துவதற்கு ஒரு தலைமுறையின் போராட்டம் தேவைப்படும். இந்த மாவட்டம் அத்தகைய விலையை ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.